திறப்பு யாரிடம்?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் கணினி உதவிக் குழுவினர் ஆற்றிய உரை)



நிகழ்ச்சி நிரலில் எங்கள் உரைக்குக் "கடவுச்சொல் இல்லாத காலம்" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னர் இதையும் கேட்க வேண்டுமோ என்று முன்வரிசையில் ஒரு முணுமுணுப்புக் கேட்டது. எங்களுக்கு ஏன் இந்தப் பேச்சு வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். பிறகு நீங்களே தீர்மானியுங்கள்.

எங்கள் சங்கத்தின் கடிதப் போக்குவரத்து முழுவதும் பல ஆண்டுகளாக ஒரேயொரு மின்னஞ்சல் முகவரியில்தான் நடந்தது. அதைத் திறந்தவர் அப்போதைய செயலாளர். லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று சிதறிப்போனவர்களின் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவர் அவர். பழைய வகுப்புப் படங்களை வருடி எடுத்து அங்கேதான் வைத்திருந்தார். அவர் காலமானபோது எல்லோரும் அழுதோம். அந்தியேட்டி முடிந்த பிறகு, தயங்கித் தயங்கி மகளிடம் கடவுச்சொல்லைக் கேட்டோம். மகளுக்குத் தெரியாது. அம்மா எழுதி வைத்த கொப்பியில் பால்காரனின் கணக்கு இருந்தது, சீட்டுக்காசு விபரம் இருந்தது, இது மட்டும் இல்லை. "மறந்துவிட்டேன்" என்ற பொத்தானை அழுத்தினோம். அவருடைய கைத்தொலைபேசிக்கு ஓர் இலக்கம் அனுப்பியதாகச் சொன்னது. அந்தத் தொலைபேசி இணைப்பை, மாதக் கட்டணம் வீணாகப் போகிறதே என்று, பிள்ளைகள் ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். கடைசியாக ஒரு கேள்வி கேட்டது: உங்கள் முதல் ஆசிரியையின் பெயர் என்ன? நாங்கள் நாலு பேர் சுற்றியிருந்து, பாலர் வகுப்பு ரீச்சர்மாரின் பெயர்களையெல்லாம், ஆங்கில எழுத்துகளை மாற்றி மாற்றி, போட்டுப் பார்த்தோம். சில தடவைகளுக்குப் பிறகு கதவு முற்றாகப் பூட்டிக்கொண்டது.

அந்த முகவரிப் பட்டியல் இன்றுவரை கிடைக்கவில்லை. நூற்றாண்டு மலருக்கு அழைப்பு வரவில்லை என்று மனவருத்தப்பட்ட அக்காமார் தயவுசெய்து இதை அறிந்துகொள்ளுங்கள்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி எங்களை விடவில்லை. நான் இன்னாள்தான் என்று ஒருவர் எப்படி நிறுவுகிறார்? நிறுவ வைத்திருந்த பொருள் தொலைந்துபோனால் எப்படித் திரும்ப உள்ளே வருகிறார்?

எங்கள் ஆச்சிமாரின் காலத்தில் இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் இருக்கவில்லை. "நீ ஆற்ற பிள்ளை?" என்று ஒழுங்கை முனையில் ஒருவர் கேட்பார். தகப்பன் பெயரும் வளவுப் பெயரும் சொன்னால் போதும். கல்லூரியில் சேர்வு இடாப்பும், ஊரில் விதானையாரும். அதற்கு மேல் தேவைப்பட்டவர்கள் கப்பலேறியவர்கள் மட்டுந்தான்.

பிறகு அட்டை வந்தது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ், 1972இலிருந்து தேசிய அடையாள அட்டை வழங்கப்படுகிறது. அந்த இலக்கத்தை எங்களில் பலர் மனப்பாடமாக வைத்திருக்கிறோம், ஆனால் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அந்த நாளோடு 500 கூட்டப்படும். 1962 மார்ச் 15ஆம் திகதி பிறந்த இரட்டைப் பிள்ளைகளில் அண்ணனுக்கு 62075 என்று தொடங்கும், தங்கைக்கு 62575. கணக்குப் பாட ரீச்சர் இங்கே இருந்தால் ஒரு நாள் கூடுகிறதே என்று கேட்பார். எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே அந்த முறை எண்ணுகிறது. கடைசி எழுத்து வாக்குரிமை உள்ளவருக்கு 'வி', இல்லாதவருக்கு 'எக்ஸ்'. 2016 தொடக்கம் இலக்கம் 12 ஆகிவிட்டது, எழுத்துப் போய்விட்டது. 500 போகவில்லை. பெயரைச் சொல்லுமுன் நாங்கள் பெண்கள் என்பதை இலக்கம் சொல்லிவிடுகிறது.

அந்தச் சிறிய அட்டை இங்கே என்னவாக இருந்தது என்பதை 1980, 90களில் படித்தவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. சோதனைச் சாவடியில் இறங்கி, வரிசையில் நின்று, இரண்டு கையாலும் நீட்டிய அட்டை. அதில்லாமல் வீதிக்கு இறங்க முடியாது. அதைக் காட்டியும் சில பேர் வீட்டுக்குத் திரும்பவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, மழைக்குள் நாவற்குழிப் பக்கமாகச் சனம் நகர்ந்தபோது, எங்களில் பலர் கையில் இருந்தது ஒரு சொப்பிங் பை. அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, பரீட்சைப் பெறுபேறு, அவ்வளவுதான். அந்தப் பையும் தொலைந்தவர்கள் உண்டு.

அவர்கள் எப்படித் திரும்ப ஆளானார்கள்? கிராம சேவகர் ஒரு கடிதம் கொடுத்தார். அதிபர் இன்னொரு கடிதம் கொடுத்தார். சமாதான நீதவான் கையொப்பம் வைத்தார். இடம்பெயர்ந்து மரத்தடியில் பள்ளிக்கூடம் நடத்திய ஒரு ரீச்சர், "இவள் என்னிடம் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள்" என்று ஒற்றை றூள் தாளில் எழுதிக் கொடுத்ததை வைத்து அட்டை எடுத்த ஒருவர் எங்கள் குழுவிலேயே இருக்கிறார். மனிதர் சாட்சி சொன்னார், அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. மெதுவான வழிதான், அலைச்சலான வழிதான். ஆனால் வழி இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு கணினிப் பக்கம் வாருங்கள்.

கணினிக்குக் கடவுச்சொல் வந்தது 1961 அளவில். அமெரிக்காவில் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுப் பாவிக்கும் முறையொன்றைப் பெர்னாண்டோ கோர்பாட்டோ என்பவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். ஒருவருடைய கோப்பை மற்றவர் பார்க்காமலிருக்க ஆளுக்கொரு சொல். அடுத்த ஆண்டே அலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லையென்று, எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்துவிட்டார். ஆகக் கடவுச்சொல்லுக்கும் களவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 2014இல், தன் கடைசிக் காலத்தில், கோர்பாட்டோவே இது ஒரு கெட்ட கனவு போலாகிவிட்டது என்ற கருத்தில் பேசினார்.

இதற்கிடையில் எங்களை வதைத்த அந்த விதிகள். பெரிய எழுத்து ஒன்று, சிறிய எழுத்து ஒன்று, இலக்கம் ஒன்று, குறியீடு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று. 2003இல் அமெரிக்கத் தர நிறுவனத்துக்காக இவற்றை எழுதியவர் பில் பர். 2017இல் அவரே தான் எழுதியதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாகச் சொன்னார். அதே ஆண்டு நிறுவனமும் விதியை மாற்றியது. நாங்கள் பணிபுரிந்த அலுவலகங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

எங்கள் உதவிக் காலைகளில், அதாவது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நூலகத்தில் நாங்கள் நடத்தும் தொலைபேசி வகுப்பில், நாங்கள் கண்டதைச் சொல்கிறோம். பெயர் சொல்ல மாட்டோம். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் கணிசமானோரின் கடவுச்சொல் எங்கள் கல்லூரியின் பெயரும் சாதாரண தரப் பரீட்சை எடுத்த ஆண்டும். சிரிக்காதீர்கள், சிரிப்பவர்கள் இன்றிரவே மாற்றுங்கள். "நீங்கள் படித்த முதற் பாடசாலை எது?" என்று சில நிறுவனங்கள் இரகசியக் கேள்வி வைத்திருக்கின்றன. நூறு ஆண்டாகச் சங்கம் நடத்துகிறவர்களிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? தாயின் குடும்பப் பெயரைக் கேட்பார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, தகப்பனின் முன்னெழுத்துத்தான். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, கலியாணத்துக்குப் பிறகு கணவனின் பெயர் அந்த இடத்துக்கு வந்து, அடையாள அட்டையில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல், வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று. ஒரே அக்கா மூன்று ஆளாக இருக்கிறார். மூன்று பேரும் ஒருவரையொருவர் அறியார் என்று கணினி சொல்கிறது.

கடவுச்சொல்லுக்குத் துணையாக வந்தது தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கம். அதன் கதை இது. எழுபது தாண்டிய ஓர் அக்கா, தனியாக இருக்கிறார். ஓய்வூதியம் அவருடையது, வங்கிக் கணக்கு அவருடைய பெயரில். வங்கிச் செயலியைப் போட்டுக் கொடுத்தவர் ரொறன்ரோவில் இருக்கும் மகன். வசதிக்காகத் தன்னுடைய தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டார். இங்கே காலை பத்து மணிக்கு அவர் மின்சாரக் கட்டணம் கட்ட முனைந்தால், குளிர்காலத்தில் அங்கே முதல்நாள் இரவு பதினொன்றரை. ஆறு இலக்கம் மகனின் தலைமாட்டில் போய் விழுகிறது. மகன் எழும்பி, பார்த்து, வட்ஸ்அப்பில் அனுப்புமுன் அது காலாவதியாகிவிடும். "பிள்ளை, என்ர காசை எடுக்கிறதுக்கு நான் ஆரெண்டு இந்தப் பெட்டிக்கு என்ர மகன்தான் சொல்லவேணுமோ?" என்று கேட்டார். நாங்கள் பதில் சொல்லவில்லை. மகன் நல்ல பிள்ளை. எல்லா வீட்டிலும் அப்படியல்ல.

அந்த ஆறு இலக்கத்தை வாங்கிக்கொண்டு கள்ளர் உள்ளே போகவும் முடியும். எங்கள் வகுப்புத் தோழி ஒருவரிடம், "தவறுதலாக உங்களுக்கு ஒரு இலக்கம் வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்று தெரிந்தவரின் பெயரிலிருந்து செய்தி வந்தது. அனுப்பினார். பத்து நிமிடத்தில் அவருடைய வட்ஸ்அப் வேறொருவர் கையில். எங்கள் குழுவுக்கு வந்து, அவசரம், ஐம்பதாயிரம் ரூபா போடுங்கள் என்றது. இரண்டு பேர் வங்கிக்குப் போக உடுப்பு மாற்றிவிட்டார்கள். ஒருத்தி மட்டும், "சரி, விலங்கியல் மிஸ்ஸுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் என்ன, சொல்லு பார்ப்பம்" என்று எழுதினாள். மறுபக்கத்தில் மௌனம். காசு தப்பியது. மிஸ் இன்று சபையில் இருக்கிறார், அதனால் பெயரைச் சொல்லவில்லை.

இப்போது புதிதாக வந்திருப்பது பாஸ்கீ. திறப்பு என்றே சொல்வோம், எங்கள் ஊர்ச் சொல் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. அப்பிள், கூகிள், மைக்ரோசொப்ட் மூன்றும் 2022 மே மாதத்தில் இதைச் சேர்ந்து ஆதரிப்பதாக அறிவித்தன. கூகிள் 2023இல் சாதாரணக் கணக்குகளுக்குக் கொடுத்தது. 2025 மே தொடக்கம் மைக்ரோசொப்டில் புதுக் கணக்குத் திறந்தால் கடவுச்சொல்லே கேட்பதில்லை.

எப்படி வேலை செய்கிறது? வங்கியில் கணக்குத் திறக்கும்போது மாதிரிக் கையொப்பம் வைப்பீர்கள் அல்லவா. அது வங்கியிடம் இருக்கும். கையொப்பம் இடும் கை உங்களிடம் இருக்கும். ஒவ்வொரு முறையும் புதிய தாளில் புதிதாக வைக்கிறீர்கள், அவர்கள் மாதிரியோடு ஒப்பிடுகிறார்கள். பாஸ்கீயும் அப்படித்தான். உங்கள் தொலைபேசி இரண்டு பெரிய எண்களைச் சோடியாக உண்டாக்குகிறது. ஒன்று நிறுவனத்துக்குப் போகிறது, அது மாதிரிக் கையொப்பம் போல. மற்றது, கை போன்றது, அந்த நிறுவனத்துக்கு ஒருநாளும் போவதில்லை. நீங்கள் உள்ளே போக வரும்போது நிறுவனம் ஒரு புதுத் தாளை நீட்டுகிறது, தொலைபேசி ஒப்பமிட்டுக் கொடுக்கிறது. நிறுவனத்தின் களஞ்சியத்தை யாராவது உடைத்தாலும் கிடைப்பது மாதிரிகள் மட்டுமே. மனிதர் கையொப்பத்தைப் பார்த்துப் போலி போடலாம், இதைப் போட முடியாதபடி கணக்குச் செய்திருக்கிறார்கள். வங்கியைப் போலவே தோன்றும் கள்ளத் தளத்துக்குப் போனால், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் முகவரி வேறு என்பதால் தொலைபேசி ஒப்பமிடாது. ஆறு இலக்கம் போல வாயால் சொல்லிக் கொடுக்கவும் ஒன்றும் இல்லை. எங்கள் தோழியிடம் நடந்தது இதில் நடக்காது. ஆகவே, பாஸ்கீ கிடைக்கும் இடத்தில் எடுங்கள் என்றுதான் நாங்கள் சொல்கிறோம்.

ஆனால் விரல் வைத்துத் திறக்கிறோமே, எங்கள் ரேகை அமெரிக்காவுக்குப் போகிறதா என்று கேட்கிறார்கள். இல்லை. ரேகை தொலைபேசிக்குள்ளேயே இருக்கிறது. அது ஒப்பமிடும் கையை எழுப்புவதற்கு மட்டும்.

அரசாங்கம் எடுக்கப்போகும் ரேகை வேறு வகை. தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு 2022இல் இந்தியாவோடு உடன்படிக்கை ஆயிற்று, இந்திய மானியத்தில் நடக்கிறது. முகம், கண், பத்து விரல் ரேகை ஆகியவற்றை மத்திய களஞ்சியம் ஒன்றில் வைப்பதே அதன் அடிப்படை. இந்தியாவின் ஆதாரில் 2010இலிருந்து நடந்ததை நாங்கள் கவனித்துப் படிக்கலாம். கூலி வேலையில் தேய்ந்த விரல்களை இயந்திரம் ஏற்காமல் பங்கீட்டுக் கடையில் அரிசி மறுக்கப்பட்டவர்கள் அங்கே இருந்தார்கள். தோட்டத்தில் வெங்காயம் நட்ட கை, கிடுகு பின்னிய கை, எங்கள் கைகளும் தேய்ந்தவைதான். கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்களிடம் இருக்கிறது. அட்டையை நீட்டி வாழ்ந்த ஊரில், அந்தக் களஞ்சியத்தை யார் பார்க்கலாம், எதற்காகப் பார்க்கலாம் என்று கேட்க எங்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. இயந்திரம் மறுத்தால் கடிதம் எழுதிக் கொடுக்க ஒரு கிராம சேவகருக்கு அதிகாரம் இருக்குமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பாஸ்கீக்குத் திரும்புவோம். தொலைபேசி தொலைந்தால்? பெரும்பாலும் அது உங்கள் கூகிள் அல்லது அப்பிள் கணக்கில் பாதுகாக்கப்பட்டிருக்கும், புதுத் தொலைபேசிக்கு இறங்கி வரும். இங்கேதான் நாங்கள் உதவிக் காலைகளில் திடுக்கிட்டோம். லண்டனிலிருந்து பேரன் அனுப்பிய பழைய ஐபோன், உள்ளே இருப்பது பேரனின் அப்பிள் கணக்கு. அம்மாவின் திறப்புகள் எல்லாம் பேரனின் பையில் போய் விழுகின்றன. சிம் அட்டை யாருடைய அடையாள அட்டையில் பதிவு என்று பார்த்தால் கணவனின் பெயரில், அண்ணனின் பெயரில், ஒருவருக்குக் காலமான மாமனாரின் பெயரில். திறக்கும் விரல்களில் மூன்று பேருடையவை. கடவுச்சொல்லையாவது மனதுக்குள் ஒளிக்கலாம். திறப்பு பொருளோடு போகிறது, பொருள் யாரிடமோ அவர்தான் நீங்கள்.

அந்த அக்காவுக்கு நாங்கள் செய்தது இவ்வளவுதான். சிம்மை அவருடைய அடையாள அட்டையில் பதிந்தோம். அதற்கு ஒரு முழுக் காலை போனது. அவருடைய பெயரில் ஒரு கணக்குத் திறந்தோம். அவர் சம்மதித்து, மேசை அலுமாரியில் சும்மா கிடந்த பழைய கைத்தொலைபேசியில் இரண்டாவது திறப்பும் வைத்தோம். வங்கிக் கிளைக்குக் கூட்டிக்கொண்டு போய் இலக்கத்தை மாற்றினோம். கணக்கை மீட்கும் குறியீடுகளைத் தாளில் எழுதி, காணி உறுதி இருக்கும் தகரப் பெட்டியில் வைத்தார். மகனுக்கு அன்றிரவே தானே தொலைபேசி எடுத்துச் சொன்னார். இனி நித்திரை கொள் தம்பி என்றாராம்.

சங்கத்துக்குப் புதிய மின்னஞ்சல் திறந்திருக்கிறோம். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் தங்கள் தங்கள் தொலைபேசியில் தனித்தனித் திறப்பு வைத்திருக்கிறார்கள். மீட்புக் குறியீடுகள் முத்திரையிட்ட உறையில் அதிபரின் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. நிர்வாகம் மாறும்போது உறையும் மாறும் என்று யாப்பில் ஒரு வாசகம் சேர்க்கக் கேட்டிருக்கிறோம், பிற்பகல் அமர்வில் அது வாக்குக்கு வருகிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு நூலகத்தில் இருப்போம். அடையாள அட்டை, தொலைபேசி, மூக்குக்கண்ணாடி மூன்றையும் கொண்டு வாருங்கள். மலரில் இதை வாசிக்கும் தூரத்துச் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: தொலைந்த பட்டியலில் 1974 முதல் 1989 வரையான வகுப்புகளில்தான் எங்களிடம் ஆக அதிக இடைவெளி. உங்கள் முகவரியையும், உங்களோடு படித்த இன்னும் இரண்டு பேரின் பெயரையும் தபாலில் எழுதி அனுப்புங்கள். நீங்கள் நீங்கள்தான் என்பதை அவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்வோம்.